கணக்குப்பிள்ளை போட்டுத் தந்த மலைப்பாதை

நம் குடியிருப்பில் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் நடக்க ஆரம்பித்துவிடுகிறோம். வாசல் கேட்டில் தொடங்கி, குழந்தைகள் விளையாடும் இடத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி வழியாகத் திரும்பி வந்தால் ஒரு சுற்று. சிலர் எட்டுச் சுற்று, சிலர் பத்து. கைபேசியில் எத்தனை அடி நடந்தோம் என்று பார்த்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போய்விடுகிறோம்.

அப்படி நடக்கும்போது ஒரு நாள் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. வயதாகிவிட்டது, இனிமேல் புதிதாக எதைத் தொடங்கி எதை முடிப்பது என்று ஒரு நண்பர் சலித்துக்கொண்டார். அவருக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒருவர் ஞாபகம் வந்தது. ஆல்ஃப்ரெட் வெயின்ரைட்.

இங்கிலாந்தில் மலைகளிலும் கிராமப்புறப் பாதைகளிலும் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. அவர் இமயமலை ஏறியவர் அல்லர். பனிமலையில் கொடி நட்டவரும் அல்லர். ஒரு நகராட்சி அலுவலகத்தில் கணக்கு எழுதி, அறுபது வயதில் ஓய்வு பெற்றவர். காலம் முழுக்க வங்கியில் பேரேட்டோடு வாழ்ந்த எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்ததற்குக் காரணம் அதுதான்.

மில் ஊரில் பிறந்தவர்

வெயின்ரைட் பிறந்தது 1907 ஜனவரி 17 அன்று, இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் பகுதியில் உள்ள பிளாக்பர்ன் என்ற ஊரில். அது பருத்தி மில்களின் ஊர். ஒரு காலத்தில் நம் நாட்டு மக்கள் கட்டிய மில் வேட்டிகளை நெய்து கப்பலில் அனுப்பியதில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் முழுக்கப் புகைபோக்கிகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டிய சிறு வீடுகளும்தான்.

அப்பா கல் வேலை செய்யும் கொத்தனார். வேலை சரியாகக் கிடைக்காது, கிடைத்த பணமும் குடிக்குப் போய்விடும். நான்கு பிள்ளைகளில் ஆல்ஃப்ரெட் கடைசி. அம்மா மற்றவர்கள் வீட்டுத் துணிகளை வாங்கித் துவைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். பையன் நன்றாகப் படித்தான். ஆனால் பதின்மூன்று வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, பிளாக்பர்ன் நகராட்சியின் பொறியாளர் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். பின்பு அதே நகராட்சியின் கணக்குப் பிரிவுக்கு மாறினான். பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று பல வருடங்கள் ஓடின. 1933ல் கணக்கியல் தேர்வில் முழுத் தகுதி பெற்றார். நம்மில் பலர் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.காம். முடித்தவர்கள். அந்தக் கஷ்டம் நமக்குப் புரியும்.

ஐந்து பவுண்டு விடுமுறை

1930ல் அவருக்கு இருபத்து மூன்று வயது. சிறுகச் சிறுகச் சேர்த்த ஐந்து பவுண்டை எடுத்துக்கொண்டு, உறவுக்காரப் பையன் ஒருவருடன் ஒரு வார விடுமுறைக்குக் கிளம்பினார். போன இடம் லேக் டிஸ்ட்ரிக்ட். பெயருக்கு ஏற்றபடி ஏரிகளும் மலைகளும் நிறைந்த பகுதி. பிளாக்பர்னிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பையனுக்கு அதுவரை அது எட்டாத தூரமாகத்தான் இருந்தது.

விண்டர்மியர் என்ற ஊரில் இறங்கியவுடன் முதலில் ஏறியது ஓரெஸ்ட் ஹெட் என்ற சிறு குன்று. உயரம் 238 மீட்டர்தான். நம் ஊரில் முருகன் கோயில் குன்று ஏறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்கு நடுவே போகும் பாதை மேலே வந்ததும் சட்டென்று திறந்துகொள்ளும். கீழே நீண்ட ஏரி, அதற்கு அப்பால் வரிசை வரிசையாக மலைகள். புகைபோக்கிகளையே பார்த்து வளர்ந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்தச் சில மணி நேரம்தான் தன் வாழ்க்கையைத் திருப்பியது என்று பிற்காலத்தில் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் திரும்பியது உடனே அல்ல. மறுபடி அதே அலுவலகம், அதே நாற்காலி. 1931ல் ரூத் என்ற மில் தொழிலாளிப் பெண்ணை மணந்தார். 1933ல் பீட்டர் என்ற மகன் பிறந்தான். திருமணம் ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை. 1938 செப்டம்பரில், ஐரோப்பா முழுக்கப் போர்ப் பேச்சாக இருந்தபோது, தனியாக ஒரு பையை மாட்டிக்கொண்டு பென்னைன் மலைத்தொடர் வழியாக வடக்கே நடந்தார். ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவர் வரை போய்த் திரும்பினார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியும் வைத்தார். அது புத்தகமாக வந்தது 1986ல்தான். நாற்பத்தெட்டு வருடம் அலமாரியில் இருந்திருக்கிறது.

குறைந்த சம்பளத்துக்கு ஒரு மாறுதல்

1941ல் லேக் டிஸ்ட்ரிக்ட்டின் வாசல் போல இருக்கும் கெண்டல் என்ற சிறு ஊரின் நகராட்சியில், கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியானது. சம்பளம் பிளாக்பர்னில் வாங்கியதைவிடக் குறைவு. வெயின்ரைட் யோசிக்கவில்லை, மாறிவிட்டார். வங்கியில் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊரிலேயே இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போனவரை இவர் ஒருவரில்தான் பார்க்கிறேன்.

1948ல் அந்த நகராட்சியின் பொருளாளர் ஆனார். 1967ல் ஓய்வு பெறும் வரை அதே பதவி. அவருடைய கணக்குப் புத்தகங்களின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று பெயர். வார நாட்களில் நகராட்சிக் கணக்கு. சனி, ஞாயிறு வந்தால் பஸ் பிடித்து மலைக்குப் போய்விடுவார். கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. விசேஷமான மலையேற்ற உடைகளும் கிடையாது. சாதாரணக் கோட்டு, காலில் பூட்ஸ், வாயில் பைப், பையில் வரைபடம். அவ்வளவுதான்.

பதின்மூன்று வருடத் திட்டம்

1952 நவம்பர் 9ஆம் தேதி இரவு, வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு வழிகாட்டிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை வரைந்தார். அப்போது வயது நாற்பத்தைந்து.

திட்டம் இதுதான். லேக் டிஸ்ட்ரிக்ட்டின் மலைகளை, அங்குள்ளவர்கள் 'ஃபெல்' என்று சொல்வார்கள், ஏழு பகுதிகளாகப் பிரிப்பது. பகுதிக்கு ஒரு புத்தகம். மொத்தம் 214 மலைகள். ஒவ்வொன்றிலும் ஏறக்கூடிய எல்லாப் பாதைகளிலும் தானே ஏறிப் பார்த்து, பாதையை வரைந்து, உச்சியிலிருந்து எந்தத் திசையில் எது தெரியும் என்பதையும் வரைந்து, எழுத்தையும் தன் கையாலேயே எழுதுவது. தட்டச்சு இல்லை, அச்சுக் கோர்ப்பும் இல்லை. அவர் எழுதிய பக்கம் அப்படியே அச்சாக வேண்டும். ஒரு வாரத்துக்கு எவ்வளவு ஏற முடியும், எவ்வளவு வரைய முடியும் என்று கணக்குப் போட்டார். பதின்மூன்று வருடம் ஆகும் என்று விடை வந்தது.

நூறு பக்கம் போல முடித்த பிறகு எடுத்துப் பார்த்தார். வரிகள் வலது ஓரத்தில் ஏறி இறங்கி இருந்தது பிடிக்கவில்லை. அத்தனை பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, இரண்டு ஓரமும் நேராக வரும்படி முதலிலிருந்து மறுபடி எழுதினார். டேலி ஆகாத கணக்கை ஒட்டுப் போட்டுச் சரிக்கட்டாமல் முதலிலிருந்து கூட்டுகிற ஆள் என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் பேரேடு ஞாபகம்தான் வரும். ஒவ்வொரு மலைக்கும் தனித்தனிக் கணக்கு. முதலில் அதன் இயற்கை அமைப்பு, பிறகு வரைபடம், பிறகு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஏறும் வழி, பக்கத்து மலைக்குப் போகும் முகட்டு வழி, உச்சி, கடைசியாக உச்சியிலிருந்து தெரியும் காட்சி. எங்கே வேலி, எங்கே கல்சுவர், எங்கே ஓடை, எந்த இடத்தில் பாதை மறைந்துபோகும், பனிமூட்டத்தில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் புத்தகத்தை நம்பித் தனியாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பலாம்.

முதல் புத்தகம் 1955ல் வந்தது. இரண்டாயிரம் பிரதி அச்சடிக்க 950 பவுண்டு ஆகும் என்றார் உள்ளூர் அச்சகக்காரர். வெயின்ரைட்டிடம் இருந்தது 35 பவுண்டு. விற்க விற்கக் கொடுத்தால் போதும் என்று அச்சகக்காரர் ஒப்புக்கொண்டார். எங்கள் வங்கியில் இந்த மாதிரிக் கடன் விண்ணப்பம் வந்திருந்தால் முதல் மேஜையிலேயே திரும்பியிருக்கும். கெண்டல் ஊர் நூலகர் ஹென்றி மார்ஷல் பதிப்பாளராகப் பெயர் கொடுத்து, விற்பனை வேலைகளைப் பார்த்துக்கொண்டார். பிரதிகள் விற்றன. கடன் அடைந்தது. அடுத்தடுத்த புத்தகங்கள் வந்தன.

ஏழாவது புத்தகம் 1966ல் வெளியானது. பதின்மூன்று வருடம் என்று போட்ட கணக்கில், வேலை ஒரு வாரம் முன்னதாகவே முடிந்தது. இன்று அந்த 214 மலைகளுக்கும் அவர் பெயரே பொதுப் பெயராகிவிட்டது. எத்தனை வெயின்ரைட் ஏறியிருக்கிறாய் என்றுதான் நடப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

கடலிலிருந்து கடலுக்கு

1967ல் ஓய்வு. அவர் நிறுத்தவில்லை. நம் நண்பருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இந்தப் பகுதியைத்தான்.

1965ல் பென்னைன் வே என்ற நீண்ட நடைப்பாதை அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் முதுகெலும்பு மாதிரி உள்ள மலைத்தொடர் வழியாக ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி, கிர்க் யெட்டம் என்ற கிராமத்தில் முடியும். நீளம் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். அதற்கும் ஒரு வழிகாட்டி எழுதினார். 1968ல் வந்தது. பாதை முழுவதையும் நடந்து முடித்தவர்கள் கடைசி கிராமத்து விடுதியில் தன் கணக்கில் பீர் குடிக்கலாம் என்று ஏற்பாடும் செய்தார். கஞ்சத்தனமான மனிதர் என்று பெயர் எடுத்தவர், சாகும் வரை அந்தப் பில்லைக் கட்டினார்.

அடுத்ததாக, யாரும் போட்டுத் தராத ஒரு பாதையைத் தானே யோசித்தார். மேற்குக் கடலில் தொடங்கிக் கிழக்குக் கடலில் முடிய வேண்டும். வரைபடத்தை விரித்துவைத்து, பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகளையும் சிறு சாலைகளையும் ஒன்றோடு ஒன்று இணைத்துக் கோடு போட்டார். அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நிலம் தனியாருடையதாக இருந்தாலும், காலங்காலமாக மக்கள் நடந்த பாதை என்றால் அதில் நடக்கும் உரிமையைச் சட்டம் காப்பாற்றுகிறது. 1949ல் வந்த சட்டப்படி அப்படிப்பட்ட பாதைகள் வரைபடத்தில் பதிவாகின. விவசாயியின் வயலுக்கு நடுவே நடந்து போகலாம். திறந்த கேட்டை மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் வண்டிப்பாதை, ஏரிக்கரைப் பாதை என்று பட்டாவில் மட்டும் இருந்து மறைந்துபோனவற்றை நினைத்தால் பெருமூச்சு வருகிறது.

1973ல் அந்தப் பாதையின் புத்தகம் வந்தது. மேற்கில் ஐரிஷ் கடலோரம் செயின்ட் பீஸ் என்ற ஊரில் தொடக்கம். செந்நிறப் பாறைச் செங்குத்துகளின் மேல், கீழே அலையும் கடற்பறவைகளுமாக முதல் சில கிலோமீட்டர். பிறகு உள்ளே திரும்பி, எனர்டேல் ஏரிக்கரை வழியாக ஊசியிலை மரக் காடு. அரசு நட்டு வளர்த்த காடு அது. வரிசையாக ஒரே மாதிரி மரங்களை நட்டுப் பள்ளத்தாக்கைக் கெடுத்துவிட்டார்கள் என்று வெயின்ரைட்டுக்கு அதன் மேல் கோபம் உண்டு. காடு முடிந்ததும் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள். ஏற்றத்திலேயே மிக உயரமான இடம் கிட்ஸ்டி பைக், 780 மீட்டர்.

அதற்குப் பிறகு யார்க்ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகள். கல்சுவர் கட்டிய மேய்ச்சல் நிலம், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கங்கள், கெல்ட் என்ற குட்டிக் கிராமம். பாதி வழி அங்கே முடியும். பின்பு ரிச்மண்ட் ஊர், சமவெளி வயல்கள், அதன் பின் நார்த் யார்க் மூர்ஸ் மேட்டு நிலம். அங்கே பழைய சுரங்க ரயில் தண்டவாளம் போட்டிருந்த தடத்திலேயே பல மைல் நடக்கலாம். கடைசியில் மறுபடி ஒரு காட்டுப் பள்ளத்தாக்கு, பிறகு கடலோரச் செங்குத்து. வட கடலில் ராபின் ஹூட்ஸ் பே என்ற மீனவர் கிராமத்தில் பாதை முடிகிறது. மொத்தம் 190 மைல், அதாவது 305 கிலோமீட்டர் போல. மூன்று தேசியப் பூங்காக்கள். சராசரி மனிதர்கள் இரண்டு வாரத்தில் நடக்கிறார்கள். தொடங்கும் கடலில் பூட்ஸை நனைத்து, ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பையில் போட்டு, எதிர்க் கரையில் கடலில் எறிவது வழக்கமாகிவிட்டது.

புத்தகத்தின் பெயரில் அவர் வைத்தது கடற்கரையிலிருந்து கடற்கரைக்கு 'ஒரு' நடை என்பதுதான். இதுதான் பாதை, வேறு பாதை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்து அவரவர் தங்கள் பாதையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆனால் மக்கள் அவர் போட்ட பாதையிலேயே நடந்தார்கள். சில இடங்களில் நடக்க உரிமை இல்லாத நிலத்தின் வழியாகவும் அவர் பாதை போய்விட்டது. பின்னால் வந்த பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. ஐம்பது வருடம் எந்த அரசு அங்கீகாரமும் இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்த பிறகு, 2022ல் அதைத் தேசிய நடைப்பாதையாக ஆக்க அரசு முடிவு செய்தது.

கணக்கின் மறுபக்கம்

இதோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டால் அது கணக்கு ஆகாது.

அந்தப் பதின்மூன்று வருடமும் சனி, ஞாயிறு மலைக்கு. மற்ற நாள் இரவுகள் மேஜைக்கு. வீட்டில் மனைவியோடு பேச்சே இல்லாமல் போயிற்று. மகனும் தள்ளியே வளர்ந்தான். வெயின்ரைட் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் ரூத் வீட்டை விட்டுப் போய்விட்டார். 1968ல் விவாகரத்து. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். ஒட்டாத திருமணத்தில் குற்றம் ஒருவருடையது மட்டும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் தன் பங்கு என்ன என்பதை வயதான காலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த இடம் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. அரையாண்டு கணக்கு முடிக்கும் நாட்களில் நான் இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவேன். பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். காலையில் நான் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அதை நான் வேலை என்று சொல்லிக்கொண்டேன். அவர் மலை என்று சொல்லிக்கொண்டார்.

1970ல் பெட்டி என்ற பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார். இந்த வாழ்க்கை நன்றாக அமைந்தது. பெட்டிக்குக் கார் ஓட்டத் தெரியும். பஸ் போகாத இடங்களுக்கும் அவர் கூட்டிப் போனார். இருவருக்கும் விலங்குகள் மேல் பிரியம். புத்தகங்கள் அவர் வாழ்நாளிலேயே பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றன. அந்த வருமானத்தில் பெரும்பகுதியை, கைவிடப்பட்ட நாய், பூனைகளுக்கான அமைப்புக்குக் கொடுத்தார். 1984ல் கெண்டல் அருகே அந்த அமைப்புக்கு நிரந்தர இல்லம் அமைந்தது. தனக்கென்று பெரிதாக எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னொரு செலவும் உண்டு. அவர் புத்தகங்களைப் பார்த்துவிட்டு வந்த கூட்டத்தால் மலைப்பாதைகள் தேய்ந்து, மண் அரித்து, சில இடங்களில் தூரத்திலிருந்தே தெரியும் வடுக்களாகிவிட்டன. தனிமையை நேசித்தவர் கூட்டத்தைக் கூட்டிவந்துவிட்டார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. இன்று தொண்டர்கள் கல் அடுக்கி அந்தப் பாதைகளைச் சரிசெய்து வருகிறார்கள்.

கடைசி இடம்

1980களில் தொலைக்காட்சியில் அவரை மலைப்பாதைகளில் நடக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கூச்ச சுபாவக்காரரான அவரை அப்போதுதான் நாடு முழுக்கப் பார்த்தது. அதே சமயத்தில் அவர் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கல்லையும் கோட்டில் வரைந்தவருக்குக் கடைசியில் வரைய முடியாமல் போனது. 1991 ஜனவரி 20ஆம் தேதி, எண்பத்து நான்கு வயதில் காலமானார்.

அவர் விருப்பப்படி, அந்த மார்ச் மாதம் அஸ்தியை ஹேஸ்டாக்ஸ் என்ற மலையின் மேல் ஒரு சிறு ஏரிக்கரையில் தூவினார்கள். அந்த மலை 597 மீட்டர்தான். சுற்றியுள்ள பெரிய மலைகளுக்கு நடுவில் குள்ளமாக நிற்கும். ஆனால் அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். அவர் போட்ட கடல் முதல் கடல் வரையான பாதை எனர்டேல் காட்டை விட்டு மேலே ஏறும்போது, அந்த மலையை ஒட்டித்தான் போகிறது.

நம் நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான். நாற்பத்தைந்தில் தொடங்கி ஐம்பத்தொன்பதில் முடித்த ஏழு புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓய்வு பெற்ற பிறகு, அறுபதுகளில், அவர் போட்ட பாதையில்தான் இன்று உலகம் முழுவதிலிருந்தும் வந்து நடக்கிறார்கள். தேவைப்பட்டது ஒரு பேனா, ஒரு வரைபடம், பஸ் கட்டணம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு கோடு போடாத நோட்டு வாங்கினேன். காலையில் கேட்டுக்கு உள்ளே சுற்றாமல் வெளியே போய், நம் பின்பக்கத் தெரு முடிவிலிருந்து ஏரிக்கரை வழியாகக் கோயில் வரை நடந்து, பாதையை வரைந்து பார்த்தேன். வழியில் எந்த இடத்தில் நிழல், எங்கே நாய்கள், எங்கே மழையில் சேறாகும் என்று குறித்திருக்கிறேன். கோடு நேராக வரவில்லை. இந்த முறை என் மனைவியையும் கூட அழைத்துப் போனேன். தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தை நான் கவனிக்கவில்லை, காட்டிக் கொடுத்தது அவள்தான். வர விரும்புகிறவர்கள் அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாசல் கேட்டுக்கு வரலாம். வீட்டில் உள்ளவர்களையும் கூட்டி வாருங்கள்.